விற்கவைத்ததும் பழுதாக்கியதும்

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1996ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில். அட்டைப்பெட்டியில் ஏதேதோ படங்கள் இருந்தனவே தவிர, தயாரித்தவர் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை. ஜப்பானில் 1983ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் எண்ணற்ற நகல்களில் அதுவும் ஒன்று என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சள் நிற கேசட்டை மேலிருந்து செருகிச் சுவிட்சைப் போட்டால், பத்து முறையில் நான்கு முறை திரையில் கட்டம் கட்டமாகக் குப்பைதான் வரும். உடனே கேசட்டை உருவி, அதன் அடிப்பகுதியில் வாயை வைத்து ஊதி, மறுபடி செருக வேண்டும். எங்கள் தெருவில் டிவி கேம் இருந்த எல்லா வீடுகளிலும் இதே சடங்கு நடந்தது. யாரும் யாருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

தெருமுனையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணனிடம் ஒருநாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "ஊதாதே தம்பி. எச்சில் பட்டால் செம்பில் களிம்பு ஏறும். பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் தேய்" என்றார். ஊதியதால் அது வேலை செய்யவில்லை என்பதையும், உருவிச் செருகும்போது உலோகத்தோடு உலோகம் உரசி மாசு விலகியதால்தான் வேலை செய்தது என்பதையும் எனக்கு முதன்முதலில் விளக்கியவர் அவர்தான். வீட்டுக்கு வந்து ரப்பரால் தேய்த்தேன், படம் வந்தது. ஆனாலும் அடுத்த வாரமே பழையபடி ஊதத் தொடங்கிவிட்டேன். விளையாட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசரத்தில் ரப்பரைத் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அந்தப் பெட்டியை நாங்கள் ஏன் தூக்கி எறியவில்லை என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவே இல்லை. வீடியோ கேம் கன்சோல்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது எங்கள் தெருவின் கேள்வி மட்டுமல்ல என்று தெரிந்தது. திரை மங்கலான கருவி, வட்டு தடுமாறும் கருவி, சூடேறிச் செத்துப்போகும் கருவி, விரலால் தள்ளும் ஸ்டிக் தானாக நகரும் கருவி ஆகியவை தம்மைவிடத் திறன் மிகுந்த, சில சமயம் தம்மைவிட உறுதியான போட்டியாளர்களைத் திரும்பத் திரும்ப விற்பனையில் முந்தியிருக்கின்றன. 'குறை இருந்தும் விற்றது' என்றுதான் இதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். அந்த 'இருந்தும்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. வென்ற கருவிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பார்த்தால், எந்த முடிவு மக்களை அந்தக் கருவியை வாங்கவைத்ததோ, அதே முடிவிலிருந்துதான் அதன் பழுதும் பிறந்திருக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதபடி அவை ஒட்டிப் பிறந்தவை.

ஃபாமிகாமின் அமெரிக்க வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் கருவியில் கேசட் மேலிருந்து நேராக இறங்கும். அதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்திருந்தது. 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் 1985ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் சோதனையாக விற்பனைக்கு வந்த என்.ஈ.எஸ். கருவி, விளையாட்டுப் பெட்டியைப் போல இல்லாமல் அன்றைய வீடியோ கேசட் ஓட்டும் வி.சி.ஆரைப் போல உருவாக்கப்பட்டிருந்தது. முன்பக்கக் கதவைத் திறந்து, கேசட்டைக் கிடையாக உள்ளே தள்ளி, கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இப்படி அழுத்தி அழுத்தியே உள்ளிருந்த 72 முனை இணைப்பானின் பற்கள் நாளடைவில் வளைந்து பிடிப்பை இழந்தன. போதாக்குறைக்கு, அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுக்க வைத்திருந்த பூட்டுச் சிப்பு, இணைப்பு சற்றே தளர்ந்தாலும் கருவியை நொடிக்கு ஒருமுறை அணைத்து அணைத்து ஏற்றியது. அமெரிக்கப் பிள்ளைகள் பல கோடிப் பேர் கண்ட அந்தச் சிவப்பு விளக்கின் மினுக்கல் இதனால் வந்ததுதான். கடைக்குள் நுழைய உதவிய வி.சி.ஆர். வேடமே வீட்டுக்குள் பழுதாக மாறியது. 1993ஆம் ஆண்டு வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் கேசட் மறுபடி மேலிருந்தே இறங்கியது. பூட்டுச் சிப்பும் இல்லை. அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. ஃபாமிகாமும் என்.ஈ.எஸ்.ஸும் சேர்ந்து உலகம் முழுவதும் 6.19 கோடி விற்றன.

இதில் வடிவமைப்பின் புகழை மட்டும் பாடினால் அது நேர்மையாகாது. அந்தக் கருவிக்கு விளையாட்டு தயாரித்த நிறுவனங்கள், அதே விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டியாளரின் கருவியில் வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது. எதிரில் நின்ற சேகா நிறுவனத்தின் மாஸ்டர் சிஸ்டம், வண்ணங்களில் மேம்பட்டதாக இருந்தும் அமெரிக்காவில் விளையாட்டுகள் இல்லாமல் காய்ந்தது. ஒரு கருவி வெல்வதற்கு அதன் தகுதியே முழுக் காரணம் என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி ஜப்பானில் வெளியான கேம் பாய். அதன் திரையை இன்று முதன்முறையாகப் பார்ப்பவர் திகைத்துப் போவார். பச்சையும் மஞ்சளும் கலந்த பாசி நிறம். நான்கே நான்கு சாயல்கள். 160க்கு 144 புள்ளிகள். பின்னொளி கிடையாது, சன்னலோரமோ விளக்கடியோ தேடி உட்கார வேண்டும். உருவங்கள் வேகமாக நகர்ந்தால் பின்னால் புகைபோல நிழல் இழுத்துக்கொண்டு போகும். அதே ஆண்டில் அடாரி வெளியிட்ட லிங்க்ஸ் கருவிக்கு வண்ணத்திரை, பின்னொளி, உருவங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் தனி வன்பொருள் எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த சேகாவின் கேம் கியரும் வண்ணத்திரையோடும் பின்னொளியோடும் வந்தது. கடையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம் பாய் ஏழைவீட்டுப் பிள்ளையைப் போல நின்றிருக்கும். இருந்தும் கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ 1.06 கோடியோடு நின்றது. லிங்க்ஸ் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகொய். 1965ஆம் ஆண்டு, பூச்சீட்டு என்னும் ஜப்பானியச் சீட்டுக்கட்டை அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியாளராக நின்டெண்டோவில் சேர்ந்தவர். ஓய்வு நேரத்தில் தாம் செய்துகொண்டிருந்த நீளும் கை பொம்மையை முதலாளி பார்த்துவிட, அது 1966ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1980ஆம் ஆண்டு, கால்குலேட்டர் திரையைக் கொண்டு கேம் அண்ட் வாட்ச் என்னும் சிறு கருவியைச் செய்தார். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதே அதற்கு வித்து. அவர் தம் கொள்கைக்கு வைத்த பெயரில் ஒரு ஜப்பானியச் சொல் உண்டு. செடி காய்ந்து போவதைக் குறிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் அதை 'வாடிப்போன தொழில்நுட்பம்' என்ற பொருளில் மொழிபெயர்த்துவிட்டார்கள். எனக்கோ நம் மொழியின் 'நெற்று' என்ற சொல்தான் நினைவுக்கு வருகிறது. காய்ந்தது, ஆனால் முற்றியது. ஆட்டினால் உள்ளே விதை ஒலிப்பது. விலை இறங்கி, குணமும் குற்றமும் முழுதாகத் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் எதிர்பாராத வேலைக்குப் பயன்படுத்துவதே யோகொயின் வழி.

போட்டியாளர் ஒருவர் கையடக்கக் கருவி வெளியிட்டுவிட்டார் என்று உடன் பணியாற்றியவர் பதறி வந்தபோது, அதன் திரை வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று மட்டும் யோகொய் கேட்டதாகவும், வண்ணம் என்றதும் அப்படியானால் நமக்குக் கவலையில்லை என்றதாகவும் ஒரு செய்தி உண்டு. அந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய வண்ணத்திரைக்குப் பின்னால் சிறிய குழல்விளக்கு எரிய வேண்டும். அது மின்சாரத்தைக் குடிக்கும். கேம் கியருக்கு ஆறு பென்சில் செல்கள் வேண்டும், அவை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு செல்கள் போதும், அவை 10 மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் விளையாடும் பிள்ளை இருக்கும் வீட்டில் கேம் கியர் 12 முதல் 20 செல்கள் வரை விழுங்கும்; கேம் பாய் நான்கோடு அடங்கிவிடும். விலையும் அப்படித்தான். அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர், கேம் கியர் 150 டாலர், லிங்க்ஸ் கேம் பாயைப் போல இரண்டு மடங்கு.

நான் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கச் சொல்வேன். கேம் பாயின் குறை கடையிலேயே தெரிந்துவிடும். கையில் எடுத்த நொடியில் திரை மங்கல் என்று கண் சொல்லிவிடும். வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். கேம் கியரின் குறையோ கடையில் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, மூன்றாவது மணி நேரத்தில், பயணத்தின் பாதி வழியில் தெரியும். அதுவும் ஒருமுறை தெரிந்து முடிவதில்லை, ஒவ்வொரு வாரமும் அப்பாவின் சட்டைப்பையில் கைவிடும். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு மனிதர்கள் எளிதில் பழகிவிடுகிறார்கள். பணப்பையைத் திரும்பத் திரும்பத் தொடும் குறைக்குப் பழகுவதில்லை.

அந்த மங்கல் திரைக்குப் பொருந்திய விளையாட்டும் அதனுடன் வந்தது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டு உருவாக்கிய டெட்ரிஸ், அமெரிக்காவில் கேம் பாய்ப் பெட்டியிலேயே வைத்து விற்கப்பட்டது. விழும் கட்டைகளுக்கு வண்ணம் தேவையில்லை, வேகமாக ஓடும் உருவங்களும் இல்லை. அலுவலகம் போகிறவர்களும் பாட்டிகளும் அதை ஆடினார்கள். இரண்டு கருவிகளை இணைக்கும் ஒரு கம்பியும் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, கருவியே கிழடு தட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அந்தக் கம்பி வழியாகப் பூச்சிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதைக் கற்பனை செய்த சதோஷி தாஜிரியின் போக்கிமான் 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனிடமும் கேம் பாய் இருந்தால்தான் அந்த விளையாட்டு முழுமையடையும். இதற்குப் பிறகு திரையைப் பற்றி யார் பேசுவார்கள்?

உறுதியைப் பொறுத்தவரையும் மலிவான கருவியே வென்றது. வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் முகப்பு உருகிப்போன ஒரு கேம் பாய், உள்ளே பழுதில்லாமல் டெட்ரிஸ் ஓடியபடி நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. கேம் கியரைச் சேகரிப்பவர்களுக்கோ முதல் வேலை, உள்ளே கசிந்துபோன கெபாசிட்டர்களை எல்லாம் கழற்றிப் புதியவற்றைப் பற்றவைப்பது. இல்லாவிட்டால் படம் வெளிறி, ஒலி தேய்ந்துபோகும்.

யோகொயின் கொள்கை எப்போதும் பலித்தது என்றும் சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட வர்ச்சுவல் பாய் கருவியிலும் அதே கணக்குதான்: மலிவானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது என்று சிவப்பு எல்.ஈ.டி.யை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஆனால் மேசைமேல் வைத்து, முகத்தை உள்ளே புதைத்து ஆட வேண்டிய அந்தக் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டவும் முடியாது, கண்ணும் வலித்தது. ஏழே முக்கால் லட்சத்துக்குள் விற்பனை முடிந்தது. குறை இருந்தது, அந்தக் குறையைக் கொடுத்து வாங்கிய நன்மை எதுவும் வாங்குபவர் கைக்கு வந்து சேரவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. யோகொய் 1996ஆம் ஆண்டு நிறுவனத்தை விட்டு விலகினார். மறு ஆண்டு சாலை விபத்தில் இறந்தார். இன்று உலகம் அவர் பெயரைச் சொல்லும்போது கேம் பாயைத்தான் சொல்கிறது என்பதில் எனக்கு ஆறுதல்.

சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷனின் கதையில் எனக்குப் பிடித்தது, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியவர்களின் கதை. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வந்த தொடக்ககால மாதிரிகளில் வட்டைப் படிக்கும் லேசர்ப் பகுதி, சூடாகும் மின்வழங்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது; அது ஊர்ந்து செல்லும் தடமும் பிளாஸ்டிக். நாளடைவில் தடம் தேய்ந்து லேசர் சாய்ந்துவிடும். காட்சிகள் தடுக்கும், ஒலி விக்கும். பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினாலோ கவிழ்த்தாலோ எடை வேறு பக்கம் விழுந்து மறுபடி சிறிது காலம் படிக்கும். பிற்கால மாதிரிகளில் லேசரைச் சூட்டிலிருந்து தள்ளி மாற்றுப் பக்கத்துக்கு நகர்த்தினார்கள். இது போக, படங்களை வரையும் முறையிலும் ஒரு குறை உண்டு: ஆழத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்பை விரிக்கும் வசதி அந்த வன்பொருளில் இல்லை, அதனால் நடக்க நடக்கத் தரையும் சுவரும் தண்ணீரில் தெரியும் நிழலைப் போல நெளியும். 1996ஆம் ஆண்டு வந்த நின்டெண்டோ 64 கருவியில் இந்த நெளிவும் இல்லை, வட்டும் இல்லை, திடமான கேசட்.

ஆனால் அந்தத் தடுமாறும் வட்டில்தான் எல்லாம் இருந்தது. ஒரு குறுந்தகட்டில் சுமார் 650 மெகாபைட் கொள்ளும். நின்டெண்டோ 64இன் மிகப்பெரிய கேசட்டே 64 மெகாபைட்தான். குறுந்தகட்டை அச்சிடச் செலவு மிகக் குறைவு, விற்றுத் தீர்ந்தால் விரைவில் மறுபடி அச்சிடலாம். கேசட்டுக்கு முன்கூட்டியே பெரிய தொகையைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விற்காவிட்டால் பணம் போச்சு. அதுவரை நின்டெண்டோவின் வீட்டுப் பிள்ளையாக இருந்த ஸ்கொயர் நிறுவனம் ஃபைனல் ஃபேண்டஸி என்ற விளையாட்டு வரிசையின் ஏழாம் பாகத்தை 1997ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்று வட்டுகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. 1995ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் கருவியை 399 டாலருக்கு அறிவித்த அதே நாளில், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி '299' என்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். தேயும் பிளாஸ்டிக் தடமும் அந்த 299க்குள் அடக்கம் என்பது என் கணிப்பு. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது, நின்டெண்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடி.

இதுவரை சொன்னவை எல்லாம் ஊதியோ, கவிழ்த்தோ, சன்னலோரம் நகர்ந்தோ சமாளிக்கக்கூடிய குறைகள். எக்ஸ்பாக்ஸ் 360இன் குறை அப்படிப்பட்டதல்ல. 2005ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, சோனியின் பிளேஸ்டேஷன் 3 வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே மைக்ரோசாஃப்ட் அதை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முந்துதலே அதன் மூலதனம். ஒல்லியான பெட்டிக்குள், வட்டு இயக்கி மேலே அமர்ந்திருந்ததால், கீழே இருந்த வரைகலைச் சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டுக்குப் போதிய உயரம் கிடைக்கவில்லை. கருவியை ஏற்றும்போது சூடாகி விரிவதும், அணைக்கும்போது குளிர்ந்து சுருங்குவதுமாக, சிப்புக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. முகப்பில் உள்ள பச்சை வளையத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்று சிவப்பாக எரியும். அத்துடன் கருவி முடிந்தது. துண்டைச் சுற்றி வேண்டுமென்றே சூடேற்றினால் உயிர் வரும் என்று இணையத்தில் ஒரு வைத்தியம் பரவியது. விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்வதால் சிலருக்குச் சில நாட்கள் பலித்தது, ஆனால் அது ஆபத்தான வேலை.

2007ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் இந்தப் பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. முன்பே தம் கைப்பணத்தைச் செலவழித்துப் பழுதுபார்த்தவர்களுக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. இதற்காக ஒதுக்கிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டாலர். அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவில் இருந்த பீட்டர் மூர் பின்னாளில் அளித்த பேட்டிகளில், இந்தத் தொகையைத் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரிடம் சொன்ன தருணத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். பால்மர் தயங்காமல் செய்யச் சொன்னாராம். கருவிகளைக் கூரியரில் வரவழைத்துத் திருப்பி அனுப்பும் செலவே அதில் 24 கோடி டாலர். வாடிக்கையாளர் வீட்டுக்கு வெற்று அட்டைப்பெட்டி ஒன்று வரும். அதில் செத்த கருவியை வைத்து அனுப்பினால் வேறொன்று வரும். அந்த அட்டைப்பெட்டியை விளையாடுபவர்கள் சவப்பெட்டி என்றே அழைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அவர்கள் பிளேஸ்டேஷன் 3க்கு மாறவில்லை? ஒரு காரணம் எளியது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் அது 499 டாலருக்கும் 599 டாலருக்கும் வந்தது. ப்ளூரே வட்டு இயக்கியும் 'செல்' என்ற புதுவகைச் சிப்பும் விலையை ஏற்றியிருந்தன, அந்தச் சிப்புக்கு நிரல் எழுதுவதும் கடினமாக இருந்தது. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஓராண்டு முந்தி வந்ததால் நண்பர் வட்டம் முழுவதும் இணையத்தில் சேர்ந்து ஆடும் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையில் கூடியிருந்தது. ஒருவருடைய நண்பர் பட்டியல், சேர்த்துவைத்த புள்ளிகள், வாங்கிய விளையாட்டுகள், இரவு பத்து மணிக்கு ஹெட்செட்டில் கேட்கும் குரல்கள் எல்லாம் அங்கே இருந்தன. கருவி செத்தாலும் இவை சாகவில்லை. உத்தரவாத அறிவிப்பு வந்து மூன்று மாதம் முடிவதற்குள் ஹேலோ 3 என்ற எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு வெளியாகி, அமெரிக்காவில் ஒரே நாளில் 17 கோடி டாலருக்கு விற்றது. உலகம் முழுவதையும் கூட்டினால் பிளேஸ்டேஷன் 3 இறுதியில் 8.7 கோடியோடு சற்றே முந்திக்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் 360 எட்டுக் கோடியே நாற்பது லட்சம் அளவில் நின்றது. ஆனால் அமெரிக்காவில் வென்றது சிவப்பு வளையம் எரிந்த கருவிதான். அதற்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி மட்டுமே விற்றிருந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தாவல் என்பது புரியும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கோபமும் வருகிறது; அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஓராண்டு முந்துதலின் லாபம் நிறுவனத்துக்குப் போனது. அதன் செலவு, உத்தரவாதம் நீட்டிக்கப்படும்வரை, பிறந்தநாள் பரிசாகக் கருவியைப் பெற்று மூன்றாம் மாதத்தில் இழந்த பிள்ளைகளின் தலையில் விழுந்தது. பிறகேனும் நிறுவனம் அந்தச் செலவைத் தானே ஏற்றது என்பதை மதிக்கிறேன். ஏற்காமல் விட்டிருந்தால் எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரே இன்று இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

இதே அளவுகோலை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின்மேல் வைத்தால் கணக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. 2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி வந்த இந்தக் கருவியின் அழகே, இரு பக்கமும் கழற்றிக்கொள்ளக்கூடிய ஜாய்கான் என்னும் சிறு கன்ட்ரோலர்கள். ஒன்றை நண்பரிடம் நீட்டினால் இருவர் ஆடலாம். கழற்ற வேண்டும், கையில் அடங்க வேண்டும், பக்கத்தில் ஒட்டினால் தட்டையாக இருக்க வேண்டும் என்பதால் உள்ளிருக்கும் ஸ்டிக் மிகச் சிறியதாகவும் உயரம் குறைந்ததாகவும் அமைந்தது. அதன் உள்ளே கரிப்பூச்சு பூசிய பட்டையின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. பூச்சு தேய்ந்தால், விரலை எடுத்த பிறகும் கருவி ஸ்டிக் சாய்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். திரையில் உள்ள உருவம் தானாக நடக்கும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று ஒலிக்குமே, அதே நோய்தான். ரேடியோ கடை அண்ணன் அந்தக் குமிழ்களைக் கழற்றிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தது என் கண்ணில் நிற்கிறது. மக்கள் அதிகம் திருப்பும் குமிழ்தான் அவரிடம் முதலில் வந்து சேரும்.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழக்குகள் தொடங்கின. 2020ஆம் ஆண்டு நின்டெண்டோவின் தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா, பங்குதாரர் கூட்டத்தில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் புகார் கொடுத்த பிறகு, 2023ஆம் ஆண்டில்தான் உத்தரவாதம் முடிந்த ஜாய்கான்களையும் ஐரோப்பாவில் இலவசமாகப் பழுதுபார்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. கருவி வந்து ஆறு ஆண்டுகள்! மற்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்களிலும் இதே வகை ஸ்டிக்குகளும் இதே நோயும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது எனக்குச் சமாதானமாகப் படவில்லை.

ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அதற்கு முன் அதே நிறுவனம் வெளியிட்ட வீ யூ கருவியில் இப்படி ஊரறிந்த பழுது எதுவும் இல்லை, அது 1.36 கோடியைக்கூட எட்டாமல் ஓய்ந்தது. செல்டா வரிசையின் 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' என்ற அதே விளையாட்டு இரண்டு கருவிகளுக்கும் ஒரே நாளில் வெளியானது என்பதை நினைத்துப் பார்க்கும்போது வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. வீ யூவின் திரைக் கன்ட்ரோலரைப் பெட்டியை விட்டு அடுத்த அறைக்கு எடுத்துப் போனாலே இணைப்பு தடுமாறும். ஸ்விட்சை மொட்டைமாடிக்கும் ரயிலுக்கும் எடுத்துப் போகலாம். தேயும் ஸ்டிக் அந்தச் சுதந்திரத்தோடு கூடவே வந்தது.

ஆனால் இந்த இடத்தில் என் சொந்த வாதத்துக்கே ஒரு வரம்பு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறையும் கவர்ச்சியும் ஒட்டிப் பிறந்தவை என்று தொடக்கத்தில் சொன்னேன். 2017ஆம் ஆண்டில் அது ஓரளவுக்குச் சரி. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பழுதை உலகமே அறிந்த பிறகும், 2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2இல் உரசல் இல்லாத காந்த உணரி கொண்ட ஸ்டிக்குகள் வைக்கப்படவில்லை. பழைய வகையே தொடர்கிறது. முதல் நான்கு நாட்களிலேயே 35 லட்சம் விற்றன. இங்கே குறையைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று கேட்டால் எனக்கு நேரான விடை கிடைக்கவில்லை. வாங்குபவர்கள் எப்படியும் வருவார்கள் என்ற உறுதியே காரணம் என்று நினைக்கிறேன். அது தேர்வும் அல்ல, கட்டாயமும் அல்ல.

காந்த உணரி ஒன்றும் நேற்று வந்த அதிசயமில்லை. 1998ஆம் ஆண்டு நவம்பரில் சேகா வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கருவியின் கன்ட்ரோலரிலேயே அது இருந்தது. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம். அது நகர்வதைத் தொடாமலே உணரும் சிப்புகள். தேய்வதற்கு அங்கே கரிப்பூச்சு கிடையாது. சாட்டர்னில் வாங்கிய அடியும் கடன் சுமையும் சேகாவின் கழுத்தை நெரிக்க, டி.வி.டி. படமும் ஓட்டும் பிளேஸ்டேஷன் 2 எதிரில் வந்து நிற்க, தொண்ணூற்றொரு லட்சத்தைச் சற்றே தாண்டிய விற்பனையோடு 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் ட்ரீம்காஸ்டின் தயாரிப்பு நின்றது. அந்தக் கன்ட்ரோலர்களை இன்றும் பழைய சாமான் விற்கும் தளங்களில் வாங்க முடிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஒன்றை எடுத்து, ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளி விரலை விட்டால், அது நேராக நடுவுக்கு வந்து நிற்கிறது.